கல்லுக்கு எதுக்குக் காத்து

“பெருசு ஒண்ணா, சின்னது ரெண்டா, நான் சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிடு பாப்பா” என்று சொல்லிவிட்டு முபாரக் பாய் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். எலுமிச்சை சாதம். மீன் கடைக்காரர் மீன் சாப்பிட மாட்டாரா என்றால் சாப்பிடுவார், கடைக்குள் மட்டும் மாட்டார், ஒருநாள் வறுத்த சங்கரா மீனோடு உட்கார்ந்திருந்தபோது மீன் வாங்க வந்த குழந்தை ஒன்று தொட்டியையும் அவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுததாம், அன்றிலிருந்து கடையில் சைவம். எனக்குப் பசிக்கிறது. பசியை விடு, பம்ப்பைப் பார். கொளத்தூரில் இந்தத் தெரு முழுக்க வளர்ப்பு மீன் கடைதான், ஆனால் ஓட்டிப் பார்த்து வாங்கச் சொல்கிற ஆள் பாய் ஒருத்தர்தான், அதுதான் அவஸ்தை, மற்றவனாக இருந்தால் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பான், நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். எனக்கு முன்னால் மீன் இல்லாத ஒரு கண்ணாடித் தொட்டி. இடது பக்கம் பெரிய பம்ப் ஒன்று, வலது பக்கம் சின்னது ரெண்டு, சுவிட்ச் என் கையில், எதை வேண்டுமானாலும் ஓடவிட்டுப் பார்க்கலாம். தண்ணீர் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்காகச் சிவப்பு மீன் தீனியைக் கொஞ்சம் கிள்ளிப் போட்டிருக்கிறார். பம்ப் என்றால் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிற பம்ப் இல்லை. இது தண்ணீரை எங்கேயும் கொண்டுபோகாது. தொட்டிக்குள் இருக்கிற தண்ணீரைத் தொட்டிக்குள்ளேயே பிடித்துத் தள்ளும், அவ்வளவுதான். கைக்கு அடக்கமாக ஒரு கூண்டு, உள்ளே காத்தாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு காந்தம், ரெண்டும் கண்ணாடியை நடுவில் வைத்துக் கவ்விக்கொண்டு நிற்கும், தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். கடலில் அலை இருக்கிறது, வீட்டில் அலை இல்லை, அதற்குப் பதில் இது. இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னபோது, முழுசாகக் கேட்டுவிட்டு, “இருக்கற தண்ணியையே கலக்கறதுக்குக் கரண்டா” என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுதான். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

பெரியதைப் போட்டேன். சர்ரென்று ஒரே நேர்க்கோட்டில் தீனியெல்லாம் எதிர்க்கண்ணாடிக்கு ஓடியது, மோதியது, மேலே ஏறியது, திரும்பியது. பஸ் ஸ்டாப்பில் கூட்டம் ஓடுகிற மாதிரி. அணைத்தேன். சின்னது ரெண்டையும் போட்டேன். தீனி குழம்பியது, இங்கேயும் அங்கேயும் சுற்றியது, பாதி கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. எது சரி. எனக்கு எப்படித் தெரியும். இணையத்தில் பார்த்தால் தொட்டிக் கொள்ளளவைப் போல் இருபது மடங்கு ஓட வேண்டும் என்கிறான் ஒருத்தன், நாற்பது என்கிறான் இன்னொருத்தன், மூன்றாவது ஆள் வந்து ரெண்டு பேரையும் முட்டாள் என்கிறான், நாலாவது ஆள் கடைசிவரை தன் தொட்டிப் படத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிறான். டப்பாவில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பலாமா என்று பாயைக் கேட்டேன். “பஸ்ல உக்கார முப்பது பேரு, நிக்க இருவது பேருன்னு எழுதிருக்கும்ல, அந்த மாதிரி” என்றார். பாய்க்குத் தெரியும் அப்பா பஸ் டிரைவர் என்று. அப்பா இப்போது வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், காலை ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு என்னைக் கொண்டுவந்து விட்டார், ‘சட்டுனு முடி’ என்றார், நானும் சட்டென்று முடிக்கத்தான் வந்தேன், எனக்கு எதுவுமே இழுத்துக்கொண்டிருந்தால் பிடிக்காது, பள்ளிக்கூடத்தைக்கூட அப்படித்தான் சட்டென்று முடித்தேன், பிளஸ் டூவில் பாதி போயிருந்தபோது. பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன். பெரியம்மா லவ்வு என்றாள். எதிர்வீட்டு அக்கா கண்ணு பட்டிருச்சி என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அம்மா என் செல்போனைக் குடைந்து பார்த்தாள், மீன் படம்தான் இருந்தது, அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பிடிக்கவில்லை என்று நான் சொன்னதை மட்டும் ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை, ஏதோ நான் பொய் சொல்வதற்கு முன் ஒத்திகை பார்க்கிற மாதிரி, சரி சரி, நிஜத்தைச் சொல்லு என்றார்கள். என் பெயர் இலக்கியா. தமிழிலேயே நான் ஃபெயில். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதையும் யாராவது தோண்டுவார்கள்.

மொட்டை சாகக் கூடாது. நான் இங்கே உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான், பம்ப்புக்காக இல்லை. மொட்டை என்பது எங்கள் தொட்டியில் இருக்கிற பவளம். பவளம் உயிருள்ளது என்பதையே எங்கள் வீட்டில் நம்ப வைக்கப் பெரும்பாடு பட்டேன், அம்மா அதை மோதிரத்தில் பார்த்திருக்கிறாள், அதுவே இது என்றால் எடுத்து விற்கலாமே என்றாள். அது வேறு இனம், இது மெத்து மெத்தென்று தோல் மாதிரி இருக்கும், காளான் மாதிரி ஒரு தண்டு, மேலே தட்டையாக ஒரு தலை, தலை முழுக்க முடி மாதிரிக் குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முடியும் ஒரு வாய். நன்றாக இருந்தால் எல்லா முடியும் வெளியே வந்து ஆடும். பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு வழவழவென்று உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த ஒருநாள் அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டே மொட்டை என்று பெயர் வைத்தாள். அப்பாவுக்கு முன்பக்கம் மொத்தமும் போய்விட்டது. பஸ் இஞ்சின் சூட்டில் போனது என்பது அவர் கட்சி, அவருடைய அப்பா பஸ்ஸே ஓட்டியதில்லை, அவருக்கும் முடி இல்லை, அதை யாரும் பேசுவதில்லை. தொட்டி எப்படி வந்தது என்றால், பாயின் வாடிக்கையாளர் ஒருத்தர் கனடாவுக்குக் கிளம்பினார், தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குச் சும்மா தருகிறேன் என்றார், அந்த நேரத்தில் நான் இங்கே சும்மா நின்றுகொண்டிருந்தேன், அப்போதைக்கு என் வேலையே அதுதான். ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் பாறை, ஒரு பழைய பம்ப், மொட்டை. குட்டி யானை வண்டியில் ஏற்றி வில்லிவாக்கம் கொண்டுபோய் ஹாலில் இறக்கியபோது அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை, பந்தயம் கட்டினார். “ஒரு உசுரப் பொங்கல் வரைக்கும் ஒழுங்கா வச்சிக் காட்டு. காட்டிட்டன்னா டுடோரியல் பேச்ச எடுக்க மாட்டேன், நீ என்னா செய்யணும்றியோ செய். செத்துச்சின்னா மறுநாளு காலைல பைய மாட்டிக்கினு கெளம்பற.” எந்த உசுரு என்று கேட்டேன். மீனைக் காட்டியிருக்கலாம், அந்த ரெண்டும் எதைப் போட்டாலும் தின்னும், தள்ளிவிட்டாலும் சாகாது. அவர் விரல் தொட்டிக்கு மேல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மொட்டையில் போய் நின்றது. தன் ஜாடை என்று எடுத்தாரோ என்னவோ.

“பாதி முடிஞ்சிச்சி பாப்பா” என்றார் பாய். சாதத்தைச் சொல்கிறார். ஊறுகாய் மாங்காய். மாங்காய் ஊறுகாயை இப்படிப் பசியோடு இருக்கிற பெண்ணுக்கு முன்னால் நக்குவது பாவம். கார்த்திகை நடக்கிறது, பொங்கலுக்கு அதிகம் இல்லை, மொட்டை முடியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது தலை ஒரு பக்கமாக மடிந்து தோசையைத் திருப்பிப் போடத் தூக்கின மாதிரி நிற்கிறது, ஓரத்தில் ஒரு வெளுப்பு. வெளுப்புதான் பயமாக இருக்கிறது. செத்த பவளம் நாறும் என்று படித்தேன், ஒன்று செத்தால் தண்ணீர் கெட்டு மீனும் போகும் என்று படித்தேன், படிக்காமல் இருந்திருக்கலாம், படிப்பே எனக்கு ஆகாது. காரணம் எனக்குத் தெரியும். பம்ப். பழைய பம்ப் தானாகத் திரும்புகிறது. நான் ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் அதன் தலையைப் பின்னால் இருக்கிற பாறையைப் பார்த்துத் திருப்பி வைப்பேன், நீர் பாறையில் மோதி உடைந்து பரவட்டும் என்று. காலையில் எழுந்து பார்த்தால் மொட்டையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். திருப்பி வைப்பேன். மறுநாளும் அப்படியே. முதலில் நண்டு என்று நினைத்தேன், பாறைக்குள் ஒரு சின்ன நண்டு இருக்கிறது, ஆனால் அது தன் சங்கையே தூக்க முடியாமல் நடக்கிற நண்டு. பிறகு அதிர்வு என்று நினைத்தேன், எங்கள் தெருவில் தண்ணி லாரி போனால் பாத்திரம் ஆடும். பிறகு காந்தம் தேய்ந்துவிட்டது என்று முடிவு பண்ணினேன், பாயிடம் சொன்னேன், “காந்தம் வழுக்கும், கீழ எறங்கும், ஆனா குறி பாத்து ஒரே எடத்துல திரும்பாதும்மா” என்றார், ஆனால் பாய்க்கு எல்லாம் தெரியுமா என்ன, அவரே போன மாசம் தன் கடை மோட்டாரைத் தானே கழற்றி மாட்டிக் கடை முழுக்கத் தண்ணீர் விட்டவர். காந்தம்தான். புது பம்ப்தான். கேள்வி அதில்லை, பெரியது ஒன்றா, சின்னது ரெண்டா.

பெரியது. ஒரே ஆள், ஒரே பலம். எங்கள் ஹாலில் ஒரே ஃபேன், நடுவில். மூன்று பேரும் அதற்குக் கீழேதான் படுக்கிறோம், அப்பா நேர் கீழே, அம்மா பக்கத்தில், நான் பீரோ ஓரம். பீரோ ஓரத்துக்குக் காத்து வராது. ஃபேனை அஞ்சில் வைத்தாலும் அப்பாவின் வேட்டிதான் பறக்கும், எனக்குக் கழுத்தில் வேர்வை. இந்தத் தொட்டியிலும் அப்படி ஒரு மூலை இருக்கிறது, இதோ, பெரிய பம்ப்பைப் போட்டதிலிருந்து ஒரு தீனித் துணுக்கு அங்கேயே நின்று தலையாட்டிக்கொண்டிருக்கிறது, எங்கேயும் போகவில்லை, பஸ்ஸில் நடுவில் நிற்கிற ஆள் மாதிரி, முன்னாலும் போக மாட்டான் பின்னாலும் வர மாட்டான், உள்ள போ உள்ள போ என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பான். அழுக்கு சேர்வது அப்படி ஒரு மூலையில்தான். அப்போ சின்னது ரெண்டு. ரெண்டு என்றால் ரெண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கும். மொட்டை நடுவில் மாட்டிக்கொள்ளும். பெரியம்மா மயக்கம் போட்டு விழுந்த கல்யாணம் ஞாபகம் வருகிறது, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சூழ்ந்து நின்று விசிறினார்கள், அழைப்பிதழால் ஒருத்தர், துண்டால் ஒருத்தர், தட்டால் ஒருத்தர், அவள் கண்ணைத் திறந்து முதலில் சொன்னது ‘கொஞ்சம் தள்ளிப் போங்கடி’. எங்கள் சனத்துக்கே அது ஒரு வைத்தியம், யாருக்கு என்ன வந்தாலும் காத்து. காய்ச்சலா, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பு. விருந்தாளியா, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பு, அவர் கண்ணில் தண்ணீர் கட்டி காபியை ஆற ஆறக் குடிப்பார், ‘போதுங்க’ என்பார், ‘பரவால்ல, இருக்கட்டுங்க’ என்பார் அப்பா. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், நான் மார்க் குறைந்ததும் பாவம் என்று என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள், கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கு நேர் எதிரே. நல்ல மிஸ். என் மேல் அக்கறை. ஒவ்வொரு கேள்விக்கும் ‘இலக்கியா சொல்லு, உனக்குத் தெரியும், சொல்லு’. தெரிந்ததும் போய்விடும். பின் பெஞ்சில் இருந்தபோது பாதியாவது காதில் விழுந்தது, முன்னால் வந்ததும் நான் மேஜையில் இருந்த கீறலைத்தான் பார்த்தேன், மத்தியானம் வரைக்கும் கீறல், மத்தியானத்துக்கு மேல் இன்னொரு கீறல். டுடோரியலில் மொத்தமே பத்துப் பேர்தானாம், ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கவனிப்பார்களாம், பெரிய எழுத்தில் போர்டே வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக. நினைத்தாலே எனக்கு முடி உள்ளே போகிறது.

நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. பெரியது. இல்லை. சின்னதோடு ஒரு கருவி வருகிறது, அதைத் தட்டினால் விட்டு விட்டு ஓடும், அலை மாதிரி, ஆனால் விட்டு விட்டு ஓடுவது விட்டு விட்டுக் கெட்டும்போகும். பெரியது சத்தம் போடுகிறது, அம்மாவுக்குச் சத்தம் ஆகாது, இப்போதே ‘உன் கடல் உறுமுது’ என்று அதன் மேல் துண்டைப் போட வருகிறாள். சின்னது. சின்னது ரெண்டு என்றால் ப்ளக்கும் ரெண்டு, ஹாலில் இருப்பதே ரெண்டு ப்ளக்தான், ஒன்றில் டிவி. டிவியா மொட்டையா என்று ஓட்டுப் போட்டால் என் வீட்டில் மொட்டை டெபாசிட் இழக்கும். “என்னா பாப்பா, தயிர் சாதத்துக்கு வந்துட்டேன்” என்றார் பாய். ரெண்டாவது டப்பா இருக்கிறது அவருக்கு, நான் எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே வந்தார். “இன்னுமா? பொண்ணு பாக்க வந்தா மாதிரி உக்காந்துக்கிற” என்றார் என்னிடம். பாய் கையில் தயிர் சாதத்தோடு எழுந்திருக்கப் பார்த்தார், “நீ சாப்டு பாய், சாப்டு” என்று அப்பா அவரை உட்காரவைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் குனிந்து, முழங்காலில் கைவைத்து, பம்ப் மூன்றையும் ஒரு பார்வை பார்த்தார், டிப்போவில் வண்டி எடுப்பதற்கு முன்னால் டயரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“இதுல எது பாய் தல ஆட்டும்? டேபிள் ஃபேன் மாதிரி.”

“ஆட்டாதுண்ணே. எந்தப் பக்கம் திருப்பி வைக்கறமோ அந்தப் பக்கந்தான்.”

“அப்ப இதுவும் அதே கததான்” என்றார் அப்பா, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “இதுக்கும் தெனம் நானே திருப்பணும்.”

எதைத் திருப்பணும் என்று கேட்டேன். “அதான், காலைல டூட்டிக்குப் போம்போது” என்றார், ஏதோ பால் பாக்கெட் எடுத்து வைத்ததைச் சொல்கிற மாதிரி. “நீ பாட்டுக்கு அதக் கல்லப் பாத்து வச்சிட்டுத் தூங்கிடற. கல்லுக்கு எதுக்குக் காத்து? மொட்ட அங்க சுருங்கிக் கெடக்குது, பாவம், நான்தான் அது மூஞ்சிக்கு நேரா வச்சிட்டுப் போவேன். நாள் முழுக்க அடைஞ்சி கெடந்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும், இஞ்சின் பக்கத்துல உக்காந்து பாரு.” பாயின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் நண்டை நினைத்தேன். அந்த நண்டை நான் ஒரு வாரம் தனியாக டப்பாவில் அடைத்து வைத்தேன். தண்ணி லாரிக்காரனைத் திட்டினேன். காந்தத்தை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தேன், என் நகம் போனது. “அது காத்து இல்லப்பா, தண்ணி” என்றேன், அப்போது வாயில் வந்தது அதுதான். “தண்ணிக்குள்ள கெடக்கறவனுக்குத் தண்ணிதான காத்து” என்றார். அது சரிதான், அதுதான் இன்னும் எரிச்சல். “நேரா அடிச்சா அது மூடிக்கும்ப்பா. தெறக்காது. எவ்ளோ அடிக்கிறியோ அவ்ளோ மூடிக்கும். நீதான் அத சாகடிக்கிற.” சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அப்பா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஆட்டோவைக்கூட உரசாத டிரைவர் என்று டிப்போவில் சால்வை போட்ட ஆள். “அது சுருங்குனதுனாலதான நான் திருப்புனேன்” என்றார் மெதுவாக. “முன்னாடி நல்லாத்தான இருந்துச்சி. நான் ஒண்ணும் சும்மா இருந்ததப் போயித் தொடல.”

பாய் கையைக் கழுவிவிட்டு வந்தார். அது எப்போதாவது தோல் உரிக்கும், அதற்காகச் சில நாள் மூடிக்கொள்ளும், விட்டுவிட்டால் தானாகத் திறக்கும் என்றார். அப்படி மூடின ஒருநாள்தான் அப்பா பார்த்திருக்கிறார், பாவப்பட்டுத் திருப்பியிருக்கிறார், அது இன்னும் மூடியது, இவர் இன்னும் பாவப்பட்டார். எனக்குக் கோபம் வந்து அது பாதியிலேயே எதிலோ மாட்டிக்கொண்டது. மொட்டை செத்தால் ஜெயிப்பது அவர். அது செத்தால் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், அவர் கேட்டது அதுதான், அதற்குத்தான் பந்தயம். அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பது. பிறகு எதற்கு இந்த மனுஷன் விடியாத நேரத்தில், பெல்ட்டை மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி வந்து, முழங்கை வரை உப்புத் தண்ணீரில் கையை விட்டு, அது மூஞ்சிக்கு நேராக. யோசித்தேன், யோசனை அந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, அதற்கு மேல் போகவில்லை, நான் தள்ளவும் இல்லை. “அப்ப எங்கதான் திருப்பணும்” என்று கேட்டார் அப்பா. எனக்கும் முழுசாகத் தெரியாது. பாறையில் மோதட்டும் என்று வைத்ததெல்லாம் ஒரு ஊகம்தான். சின்ன பம்ப் ஒன்றை அணைத்தேன், கையைத் தொட்டிக்குள் விட்டு இன்னொன்றின் தலையை முன்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினேன், அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்து. “செவுத்தப் பாத்தா?” என்றார். செவுத்தப் பாத்துதான். நீர் கண்ணாடியில் போய் அடித்து உடைந்தது, உடைந்தது நாலா பக்கமும் சோம்பலாகத் திரும்பி வந்தது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத மாதிரி. அந்த மூலைத் துணுக்கு ஒரு ஆட்டம் ஆடியது, யோசித்தது, கிளம்பியது. அப்பா வாயைத் திறந்துகொண்டு அது போகிற வழியெல்லாம் தலையைத் திருப்பினார். ஒரு சின்னது போதும். ஒரு சின்னது வீட்டிலேயே இருக்கிறது, காந்தத்தில் ஒன்றுமே இல்லாத, வினிகர் வாசனையடிக்கிற பம்ப். “பாய், ஒண்ணும் வேணாம்” என்றேன். பாய் மூன்று பம்ப்பையும் பார்த்தார், தன் காலி டிபன் பாக்ஸைப் பார்த்தார். “நல்லா வந்து குந்தினீங்க ரெண்டு பேரும்” என்றார், ஆனால் சிரித்தார். இவ்வளவு நேரம் அவர் கரண்ட்டை எரித்துவிட்டு வெறுங்கையோடு போக அப்பாவுக்குக் கூச்சம், சுற்றிப் பார்த்து அலமாரியிலிருந்து ஒரு பொம்மை நீர்மூழ்கி ஆளை எடுத்தார், வாயிலிருந்து குமிழி விடுகிற ஆள். அதைப் பிடுங்கித் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

வெயில். பைக் சீட் கொதித்தது. அப்பா கிளப்பவில்லை, சாவியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. “டுடோரியல் என்னாச்சி” என்றேன். “பந்தயம் பந்தயந்தான்” என்றார். “ஆனா இதுவரைக்கும் ஆனது என் தப்பு, அத உன் கணக்குல எழுத முடியாது. நாளைலருந்து புதுசா. பொங்கல் வேணாம். சித்திர.” சித்திரையா. மூணு மாசம் கூட. உன் தப்புக்கு எனக்குத் தண்டனையா என்றேன். உனக்கு நாள் அதிகமாத்தான கெடைக்குது என்றார், நிஜமாகவே அவர் அதைச் சலுகை என்று நம்பினார். சரி என்றேன். சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இதுவரை காந்தம் இருந்தது, நண்டு இருந்தது, லாரி இருந்தது, அப்பா இருந்தார். இனிமேல் அது செத்தால் நான்தான். சாகுமா. அந்த வெளுப்பு ஓரம். தலை நிமிர எத்தனை நாள் ஆகும். நிமிராமலே போனால். எனக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கிறது, செவுத்தப் பார்த்து வைத்தால் துணுக்கு நகர்கிறது, அவ்வளவுதானே, மொட்டை துணுக்கா. “நீ தொடக் கூடாது” என்றேன். “தொட மாட்டேன்.” “பாவமா இருந்தாலும்.” அவர் வண்டியைக் கிளப்பி, தெருவைத் தாண்டி, பிளாஸ்டிக் பையில் மீன் தொங்குகிற கடைகளையெல்லாம் தாண்டி, பெரிய ரோட்டுக்கு வந்த பிறகு சொன்னார், “பாவமாத்தான் இருக்கும். என்னா பண்றது.” கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள் என்றேன். “காக்கில பாக்கெட் சின்னது” என்றார். சிக்னல் விழுந்தது. நின்றோம். முதுகில் சட்டை முழுக்க வேர்வை வரைபடம், காலையிலிருந்து ஓட்டிய வேர்வை, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கண்டம், பக்கத்தில் ஒரு தீவு. அவர் திரும்பாமலே கேட்டார்.

“பாக்கலாமில்ல? தொடாம. சும்மா நின்னு.”

பார்க்கலாம் என்றேன். பச்சை விழுந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. தினமும் அந்த ஹாரனை அடிக்கிற மனுஷன், அது வேறு யாருக்கோ என்கிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.